செம்பரம்பாக்கத்து ஐயாயிரவர்: ஒரு பயண நூலை வாசித்தல்

திருச்சபை வரலாறு எழுத முற்படுவோர் ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகளை இரு வகையாகக் கையாளக் காண்கிறோம். சிலர் அவற்றை ஆராயாமலே சான்றாக ஏற்கின்றனர். வேறு சிலர், ஆளவந்தோர் எழுத்தென்று தள்ளிவிடுகின்றனர். இரண்டும் பிழை என்பதே நம் கருத்து. பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள நிலப்பகுதியைப் பேசும் ஒரு நூலைக்கொண்டு இதனை விளக்குவோம்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் நாட்டின் வேளாண்மையையும் தொழில்களையும் ஆராய்ந்துவர, பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவரைக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பினார். 1800 ஏப்ரலில் சென்னையினின்று புறப்பட்ட அவர், குன்றத்தூர், செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் சேர்ந்தார். அவருடைய நூல் 1807-இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

நூலின் சிறப்பை முதலில் கூறல் தகும். 1675, 1676 ஆம் ஆண்டுகளில் கிரேக்க நாட்டில் பயணஞ்செய்த ஸ்போனும், பின்னாளில் குருப்பட்டம் பெற்ற வீலரும், பழங்கட்டடங்களையும் கல்வெட்டுகளையுமே முதன்மையாகத் தேடினர். புக்கானனோ வாழ்கின்ற நாட்டை நோக்கினார். செம்பரம்பாக்கம் ஏரி தோண்டப்பட்டதன்று, இரு மேடுகளுக்கிடையே கரையிட்டு அமைக்கப்பட்டது என்று கண்டெழுதினார். அதன் நீளம் ஏழெட்டு மைல், அகலம் மூன்று மைல். மழை பொய்த்தாலும் 32 சிற்றூர்களுக்கு 18 மாதம் நீர் தரவல்லது. அவ்வூர்களில் 5,000 பேர் பயிர்த்தொழில் செய்கின்றனர் என்கிறார். மிகுநீரை வெளியேற்றிக் கரையைக் காக்கும் கலிங்கலையும் விளக்குகிறார்.

எனினும் இவ்வளவுகளுள் பலவற்றைப் பிறர் சொல்லக் கேட்டே எழுதுகிறார். சொன்னவர் யாவர்? அவ்விடத்தில் விடை இல்லை. கலிங்கலுக்குப் பெயர் உண்டு; சேற்றில் நின்று உழைத்தோர்க்குப் பெயர் இல்லை. விளைச்சலை அறிய அனுப்பப்பட்டவர் கண்ணுக்கு அவர்கள் எண்ணிக்கையாகவே தோன்றினர். ஐயாயிரம் என்னும் எண் நமக்குப் புதிதன்று. மத்தேயு 14-ஆம் அதிகாரத்திலும் புருஷரே எண்ணப்பட்டனர். ஆயினும் ஸ்திரீகளும் பிள்ளைகளும் அக்கணக்கிற்குப் புறம்பே இருந்தனர் என்பதைச் சுவிசேஷகர் மறைக்கவில்லை. அக்குறிப்பைப் பற்றிக்கொண்டே எண்ணப்படாதவரை நாம் தேடுகிறோம். யார், யாருக்கு, எந்நோக்கத்தோடு எழுதினார் என்று வேதத்தை ஆராயும் மாணவர், பயண நூலையும் அவ்வாறே ஆராயலாகாதா?

இது பழங்கதையன்று. 2015 டிசம்பரில் அதே ஏரியினின்று திறந்துவிடப்பட்ட நீர் கனஅடிக் கணக்கில் பதிவாயிற்று. அடையாற்றங்கரையில் குடியிழந்த ஏழைகளின் சொல் அவ்வாறு பதிவாகவில்லை. நம் சபைகளின் நூற்றாண்டு மலர்களும் இதற்கு விலக்கல்ல. ஆயர்களின் வரிசையும் கட்டடச் செலவும் அவற்றில் உண்டு. பிடியரிசி எடுத்துவைத்துச் சபையைத் தாங்கிய கூலிப்பெண்களின் பெயரைக் காண்பது அரிது. இக்குற்றம் நம் எழுத்திலும் உண்டென்று ஒப்புக்கொள்கிறோம்.

அத்தேனே பட்டணத்தில் பவுல் சுற்றிப் பார்த்ததோடு நிற்கவில்லை. சந்தைவெளியில் எதிர்ப்பட்டவரோடு நாள்தோறும் உரையாடினார். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ சபை வரலாறு எழுத அமரும் ஆயர், பழைய அறிக்கைகளைப் புரட்டுமுன், சபையின் மூதாட்டிகளிடம் சென்று அமர்வாராக. அவர்கள் சொல்வதைக் கேட்டபின் புக்கானனையும் வாசிக்கட்டும். அப்பொழுது அந்த 5,000 என்னும் எண் வெறும் எண்ணாக நில்லாது.