மேற்கோளின் எண்ணும் ஆராய்ச்சியின் எடையும்

தமிழ் உரையாசிரியர்கள் பிறர் கூற்றை மேற்கோளாகக் காட்டியது சான்றுக்காகவும் உண்டு, மறுப்புக்காகவும் உண்டு. ஒரு நூல் எத்துணை முறை காட்டப்பெற்றது என்று எண்ணி, அவ்வெண்ணால் அதன் பெருமையை அவர்கள் அளந்தாரிலர். இக்கால அறிவியல் உலகிலோ அவ்வெண்ணும் ஓர் அளவுகோலாகிவிட்டது. ஓர் ஆய்வாளருக்குப் பதவியோ பொருளுதவியோ வழங்கும்போது, அவருடைய கட்டுரைகளைப் பிறர் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டின என்று பார்க்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. இவ்வளவுகோல் எதை அளக்கின்றது, எதை அளக்கத் தவறுகின்றது என்பதை விளக்க, நரம்பியல் அறிஞர் பிரெண்டா மில்னரின் ஆராய்ச்சி வாழ்வு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1918இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிற் பிறந்த மில்னர், கேம்பிரிட்ஜில் உளவியல் பயின்றார். 1944இல் கனடா சென்று, மாண்ட்ரீல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்னும் பேரறிஞரின் மாணவியாகி, 1952இல் டாக்டர் பட்டம் பெற்றார். மூளையில் அறுவை செய்யப்பெற்ற நோயாளிகளின் அறிவுத்திறனைச் சோதித்தறிவதே அவர் மேற்கொண்ட பணி.

1953இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஸ்கோவில், காக்காய்வலிப்பால் வருந்திய 27 வயது இளைஞர் ஒருவரின் மூளையில், ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியை இருபுறமும் அகற்றினார். வலிப்புத் தணிந்தது, ஆனால், புதியன எவற்றையும் நினைவில் இருத்தும் ஆற்றல் அழிந்தது. 1955 ஏப்ரலில் மில்னர் அவரைச் சோதித்தபோது, அது 1953 மார்ச்சு மாதம் என்றும் தமக்கு வயது 27 என்றும் அவர் கூறினார். அறிவுக்கூர்மையோ குன்றவில்லை. இவரையும் வேறு ஒன்பதின்மரையும் பற்றி ஸ்கோவிலும் மில்னரும் எழுதிய கட்டுரை 1957இல் வெளிவந்தது. நினைவுக்கென மூளையில் தனியிடம் இல்லை என்று பலர் கருதியிருந்த காலம் அது. கண்ணாடியில் பார்த்து விண்மீன் வடிவம் வரையும் பயிற்சியில் அந்நோயாளி நாளுக்கு நாள் தேறினார் என்றும், முன்னர்ப் பயின்றது மட்டும் அவருக்கு நினைவிலில்லை என்றும் 1962இல் மில்னர் காட்டினார். நினைவு ஒருவகைத்தன்று என்பது அதனால் தெளிவாயிற்று.

அக்கட்டுரை பல்லாயிரம் முறை சுட்டப்பெற்றுள்ளது. அத்தொடரைப் பற்றிச் சென்றால், 1971இல் ஜான் ஓகீஃப் எலியின் ஹிப்போகாம்பஸில் இடமறியும் உயிரணுக்களைக் கண்டதும், 2014இல் அதற்காக நோபெல் பரிசிற் பங்குபெற்றதும் தெரியவரும். இங்ஙனம் தடம்பற்றிச் செல்வதற்காகவே யூஜீன் கார்ஃபீல்டு மேற்கோள் அட்டவணை ஒன்று வேண்டுமென 1955இல் எழுதினார். அது நல்ல கருவியே. வழிகாட்டப் பிறந்த கருவியை எடைபோடும் தராசாக்கியதே பிழை. 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலார் வகுத்த குறியீடு, ஒருவரின் வாழ்நாள் உழைப்பையே ஓர் எண்ணில் அடக்கியது. 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 40 முறையேனும் சுட்டப்பெற்றிருந்தால் அவர் மதிப்பு 40.

அத்தராசின் குறைகள் சில. புரதத்தை அளக்கும் முறையொன்றை விளக்கிய லவுரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட முறை சுட்டப்பெற்றுள்ளது. மரபணுவின் வடிவத்தை உலகுக்குரைத்த வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அதன் அருகிலும் வரவில்லை. பயன்படுவது வேறு; புதிது காண்பது வேறு. மேலும், ஸ்கோவில் மதிப்பிட்டதினும் அகற்றப்பட்ட பகுதி சிறிதே என்று 1997இல் வெளிவந்த ஆய்வு திருத்தியது. திருத்திய மேற்கோளும் ஒன்று. போற்றிய மேற்கோளும் ஒன்று. படிக்காமலே அடுக்கிய மேற்கோளும் ஒன்று.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. 1957ஆம் ஆண்டுக் கட்டுரை அறுவை மருத்துவர்களுக்கு விடுத்த எச்சரிக்கையுமாகும். அதைப் படித்து, மூளையின் இருபுறமும் அவ்வுறுப்பை அகற்றுவதைக் கைவிட்ட மருத்துவர், கைவிட்டதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை. தம் நினைவு தப்பியதை அறியாமலே இல்லம் திரும்பிய நோயாளியும் எழுதுவதில்லை. அக்கட்டுரை செய்த தலையாய நன்மை எந்த அட்டவணையிலும் ஏறவில்லை. தம் இழப்பால் இவ்வறிவை ஈந்தவரோ, எச்.எம். என்னும் இரண்டு எழுத்துகளாகவே கட்டுரைகளில் வாழ்ந்தார். ஹென்றி மொலைசன் என்னும் அவர் பெயரை உலகம் பரவலாக அறிந்தது 2008இல் அவர் மறைந்த பின்னரே.

மேற்கோளை எண்ணுதல் வேண்டாம் என்பதன்று. தேர்வில் மாணவன் பெற்ற புள்ளியைக் கண்ட அளவில் அவனை முற்றும் அறிந்துகொண்டதாக நல்லாசிரியர் எவரும் கருதார். அவன் எழுதிய விடைத்தாளையும் படிப்பார். ஆய்வாளர்க்கும் அதுவே நெறி. மில்னரை மதிக்க விழைவோர் அவர் பெற்ற எண்ணைக் கேட்குமுன், அவர் எழுதியதைப் படித்தல் வேண்டும்.