தோடி வாசிக்காத பியானோ

தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தை உரசிக்கொண்டு புறப்பட்டு, மத்யமத்தின் வாசல்வரை போய்த் திரும்பும். அந்தப் போக்குவரத்துதான் தோடி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதை நாயனத்தில் ஊதியபோது காவிரிக்கரை ஊர்களில் ஜனம் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்ததற்கு அந்த அசைவுதான் காரணம். இதையே பியானோவில் வாசித்துப் பாருங்கள். காந்தாரத்துக்கு ஒரு கட்டை, மத்யமத்துக்கு இன்னொரு கட்டை. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம், வழுக்கிக்கொண்டு போக முடியாது. உள்ளே சுத்தியல் கம்பியை அடித்த கணத்தோடு ஸ்வரத்தின் மேல் வாசிப்பவருக்கு இருந்த அதிகாரம் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் அசைக்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது.

ஆகவே பியானோவுக்கும் நமக்கும் ஒட்டாது என்று தஞ்சாவூர்க் காது எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பில் பாதிதான் நியாயம் என்று காட்டுகிற ஒரு ஜாஸ் பியானோக் கலைஞர் அமெரிக்காவில் இருக்கிறார். பெயர் விஜய் ஐயர்.

அவரிடம் போகுமுன் அரண்மனைப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தஞ்சாவூர் அரண்மனையில் மேல்நாட்டு முறைப்படி ஒரு பாண்டு வைத்திருந்தார். அவர் சேர்த்த மேல்நாட்டு இசைச் சுவடிகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உண்டு. அவருடைய அரசவையில் இருந்த வராகப்பய்யர் பிடிலும் பியானோவும் பழகியவர் என்று சங்கீத சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். இரண்டு வாத்தியமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் இந்த மண்ணை எட்டிப் பார்த்திருக்கின்றன. பிடில் தங்கிவிட்டது. பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவும் அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார்கள். 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்தார். பிடிலில் விரல் தந்தியின் மேல் சறுக்கும், ஆகவே கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, பேசும். பியானோவில் விரலுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு இயந்திரமே உட்கார்ந்திருக்கிறது. அது ஊர் திரும்பிவிட்டது.

திருவாரூர்க்காரரான முத்துசுவாமி தீட்சிதர், பாலுசாமியின் அண்ணன், இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். மணலியில் இருந்த நாட்களில் ஆங்கிலேய பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாஹித்யம் செய்தார். ஏறக்குறைய நாற்பது நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து ராஜ கீதத்தின் மெட்டுக்கு 'சந்ததம் பாஹிமாம்' வந்தது இப்படித்தான். விளம்ப காலத்தில் கமகத்தை இழை இழையாகப் பின்னிய அதே மனிதர், இவற்றில் கமகத்தைத் தொடவே இல்லை. அந்த மெட்டின் சட்டத்துக்கு அவர் கட்டுப்பட்டார். இப்போது சில கச்சேரிகளில் நோட்டுஸ்வரத்தையும் குழைத்துப் பாடுகிறார்கள். அது அழகு சேர்க்கவில்லை, தீட்சிதர் வேண்டுமென்றே மூடிவைத்த கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான்.

கட்டை வாத்தியங்களோடு நம் பிணக்கு பிறகும் தீரவில்லை. நாடக மேடையில் ஆர்மோனியம் ராஜாவாக இருந்தது. ஆனால் அகில இந்திய வானொலி 1940-இல் அதற்குத் தடை போட்டது. கமகம் வராது என்பது குற்றப்பத்திரிகையில் முக்கியமான ஒரு வரி. அண்மைக் காலத்தில் பியானோவை நம் பக்கம் கொண்டுவந்தவர்களில் அனில் ஸ்ரீனிவாசனைச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கல் என்னும் ஊரின் பெயரைச் சுமக்கும் குடும்பத்து சிக்கில் குருசரண் பாட, இவர் பியானோவில் சுற்றிலும் சுருதிகளை அடுக்குகிறார். குரல் அசையும், பியானோ அசையாமல் நின்று அதற்கு இடம் கொடுக்கும். மென்மையான ஏற்பாடு. ஆனாலும் அங்கே பியானோ விருந்தாளிதான்.

விஜய் ஐயரின் வழி வேறு. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போன பெற்றோருக்கு 1971-இல் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகரில் பிறந்தவர். மூன்று வயதில் மேல்நாட்டு முறையில் வயலின் தொடங்கி, பதினைந்து ஆண்டுகள் படித்தார். பியானோ மட்டும் காதால் கேட்டுத் தானே கற்றுக்கொண்டது. யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும். பெர்க்லியில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குப் போனவர், பாதியில் திசை திரும்பி, 1998-இல் இசைபற்றியே ஆய்வேட்டை முடித்தார். தாளம் என்பது மூளைக்குள் ஓடும் வெறும் எண் அல்ல, உடம்பு அறிந்த விஷயம் என்பது அந்த ஆய்வின் சாரம். தொடையில் தட்டித் தாளம் பழகிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் உடனே சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வு மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசைபற்றியது. அவருடைய வேர் தெலோனியஸ் மாங்க், டியூக் எலிங்டன், ஆண்ட்ரூ ஹில், செசில் டெய்லர் என்று கறுப்பின இசை மேதைகளின் மண்ணில் இருக்கிறது. வளர்த்துவிட்டவர் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன். பெயரில் ஐயர் என்று இருப்பதால் அவர் வாசிப்பதையெல்லாம் நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது நமக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அது அவருக்கும் ஜாஸுக்கும் செய்யும் அநியாயம்.

நம்மிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது எது என்பதுதான் ருசியான கேள்வி. ராகத்தை அவர் அதிகம் தேடவில்லை. நான் கேட்ட அவருடைய எந்த இசைத்தட்டிலும் பியானோவைக் கெஞ்சித் தோடி வாங்க முயலவில்லை. கட்டை எதைத் தராது என்று தெரிந்தவர், அது எதைத் தரும் என்றும் யோசித்திருக்கிறார். பியானோ அடிப்படையில் ஒரு கொட்டு. எண்பத்தெட்டு கட்டை உள்ள கொட்டு. அப்படியானால் கர்நாடக சங்கீதத்தில் அதற்கு உறவுக்காரர் நாயனம் ஆகாது, தவிலும் மிருதங்கமும்தான். விஜய் ஐயர் எடுத்துக்கொண்டது லயம்: கோர்வையின் கட்டுமானம், ஐந்தும் ஏழும் நான்கோடு மோதிப் பிரிந்து சமத்தில் வந்து சேரும் அந்தக் கணக்கு.

இதே புத்திசாலித்தனத்தை ஸ்பெயினில் பார்க்கலாம். காடிஸ் நகரில் 1960-இல் பிறந்த பியானோக்காரர் சானோ டொமிங்கெஸ் ஃபிளமெங்கோவையும் ஜாஸையும் ஒன்றாக வாசிப்பவர். ஃபிளமெங்கோ பாட்டும் நம் பாட்டைப்போலக் குரலை வளைத்து அழவைக்கிற பாட்டு. பியானோவால் அது ஆகாது. ஆகவே அவர் பிடித்துக்கொண்டது ஃபிளமெங்கோவின் புலேரியா வகைக்குரிய பன்னிரண்டு அடிச் சுழற்சியை. கையில் போட்டுப் பாருங்கள்: தகிட தகிட தக தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் அழுத்தம். இந்தச் சுழற்சி இடது கையில் ஓட ஆரம்பித்துவிட்டால், வலது கை எந்த ஜாஸ் பாட்டை வாசித்தாலும் அது ஃபிளமெங்கோ பிறந்த அந்தலூசியாவுக்குக் குடிபெயர்ந்துவிடும். மைல்ஸ் டேவிஸின் 1959-ஆம் ஆண்டு 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டுப் பாடல்களை எடுத்து அவர் செய்த 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' 2012-இல் வெளிவந்தது. கேட்டால் புரியும். 'காயே 54' என்ற படத்தில் (2000) அவர் வாசிக்கும்போது பக்கத்தில் பாடுகிறவரும் காலால் தாளம் மிதிக்கும் ஆட்டக்காரரும் இருக்கிறார்கள். வளைவு வேண்டிய இடத்தைக் குரலுக்கு விட்டுவிட்டு, பியானோ தன் வேலையைப் பார்க்கிறது.

விஜய் ஐயர் 'தீர்த்தா' இசைத்தட்டில் (2011) செய்ததும் அதுதான். கிதார் பிரசன்னா, தப்லா நிதின் மித்தா, பியானோ இவர். பிரசன்னா மின்சாரக் கிதாரில் கமகத்தை முழுசாகக் கொண்டுவரும் வித்வான். தந்தியை இழுத்து அவர் ஒரு ஸ்வரத்தை ஆட்டும்போது பியானோ போட்டிக்குப் போவதில்லை. டிரம்ஸும் இல்லை, பேஸ் வாத்தியமும் இல்லை. ஆகவே கீழ்க்கட்டைகளில் ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வைத்துத் தரையைக் கெட்டிப்படுத்தும் வேலை இடது கைக்கு வந்துவிடுகிறது. மேலே வலது கை மிருதங்கக்காரரின் வலந்தலை மாதிரி குறுக்கே பேசும். தாளம் போட்டுக்கொண்டே கேட்கிறவருக்குச் சில இடங்களில் கை தடுமாறும். விடாமல் போட்டால் சமம் தானாக வந்து கையில் விழும். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து காபி குடிக்கப் போகிறவர்களுக்கு இந்தச் சுகம் கிடைக்காது.

என் தராசில் அவருடைய சிறந்த வேலை 'ஹிஸ்டாரிசிட்டி' இசைத்தட்டு (2009). பேஸ் ஸ்டீபன் கிரம்ப், டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். இந்த கில்மோர், ராய் ஹெய்ன்ஸ் என்ற மகா டிரம்ஸ் வித்வானின் பேரன். லயம் குடும்பச் சொத்தாக இறங்குவது நீடாமங்கலத்திலும் வலங்கைமானிலும் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை போலும். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்ணான மாயா அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்தவர், பாடிய 'கலாங்' பாட்டை மூவரும் இதில் அடித்து நொறுக்குகிறார்கள். ரானி ஃபாஸ்டரின் 'மிஸ்டிக் ப்ரூ' தான் இன்னும் நுட்பமானது. விஜய் ஐயர் ஒரு அடியை நெட்டை குட்டையாக மூன்றுக்கு ஐந்து, ஐந்துக்கு எட்டு என்ற விகிதத்தில் உடைத்திருக்கிறார். 2009-இல் கார்டியன் நாளிதழில் அவரே இந்தக் கணக்கை விளக்கி எழுதினார். பிபனாச்சி எண்கள் என்று மேற்கே சொல்லும் இந்த வரிசையை, இலகுவும் குருவும் சேர்ந்து எத்தனை விதமாக யாப்பு அமையும் என்று எண்ணிப்பார்த்த ஹேமசந்திரர் 12-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். கேட்கும்போது இந்தக் கதை எதுவும் நினைவுக்கு வராது. நடை திஸ்ரத்துக்கும் சதுஸ்ரத்துக்கும் இடையில் எங்கோ லேசாக நொண்டிக்கொண்டு வருகிறது. அந்த நொண்டலில் ஒரு கிறக்கம் இருக்கிறது.

நம் ஊர் மிருதங்கக்காரர்கள் வாசிப்பை எடைபோட இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள்: சீராக ஓடும் நடையான சர்வலகு, எண்ணி அடுக்கும் கணக்கு. கணக்கு மூளைக்கு, சர்வலகு காதுக்கு. கணக்கு மட்டும் இருந்தால் பரீட்சை மண்டபம், சர்வலகு மட்டும் இருந்தால் தூக்கம். விஜய் ஐயரின் ஆரம்ப காலத் தட்டுகளான 'பனாப்டிக் மோட்ஸ்' (2001), 'பிளட் சூத்ரா' (2003) இரண்டிலும் கணக்கு கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் நிற்கிறது. கெட்டிக்காரப் பையன் விடைத்தாளைத் தூக்கிக் காட்டுகிற தோரணை. அவற்றில் உடன் வாசித்த சாக்ஸபோன்காரர் ருத்ரேஷ் மஹந்தப்பா பிறகு கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து 'கின்ஸ்மென்' (2008) செய்தார். சாக்ஸபோன் மூச்சு வாத்தியம், வளையும். ஆகவே ருத்ரேஷுக்கு ராகத்தின் வழியும் திறந்திருந்தது. விஜய்க்கு அது மூடியிருந்தது. அந்தத் தடைதான் அவரை லயத்துக்குள் ஆழமாகத் தள்ளியது என்று நினைக்கிறேன். கிரம்ப், கில்மோரோடு அமைந்த மூவர் குழு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசித்துப் பழகிய பிறகு கணக்கு உள்ளே போய்விட்டது, சர்வலகு மேலே வந்துவிட்டது. 'அக்செலராண்டோ' (2012) தட்டில் மைக்கேல் ஜாக்சனின் 'ஹியூமன் நேச்சர்' பாட்டைக் கேட்கிற எவரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். உடம்பு ஆடும்.

பட்டங்கள் வந்தன. 2013-இல் மெக்ஆர்தர் நிதிநல்கை, 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர், டவுன்பீட் இதழின் ஆண்டின் சிறந்த ஜாஸ் கலைஞராக நான்கு முறை. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது பின்னாளில் அவர் வாசிப்பைக் குறைத்துக்கொண்டது. டிரம்பெட் மேதை வடாடா லியோ ஸ்மித்தோடு 2016-இல் வெளியிட்ட தட்டு, நஸ்ரீன் முகமதி என்ற நம் நாட்டு ஓவியரின் கோடுகளை நினைத்துச் செய்தது. பல இடங்களில் ஒரு ஸ்வரத்தை அடித்துவிட்டு அது தேய்ந்து மறையும்வரை காத்திருக்கிறார். 'லவ் இன் எக்ஸைல்' (2023) தட்டில் அரூஜ் அஃப்தாப் உருதுவில் பாடுகிறார். குரல் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போக, பியானோ நாலைந்து சுருதிகளை மட்டும் பரப்பி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. சும்மா இருப்பது சுலபமில்லை என்று பக்கவாத்தியக்காரர்களுக்குத் தெரியும்.

இனி நம் ஊருக்குத் திரும்பலாம். தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. டெல்டா முழுக்க இன்னும் தவில் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜாஸ் பியானோவை நாயனத்தோடும் வீணையோடும் உட்காரவைத்து 'ஜுகல்பந்தி' என்று போஸ்டர் அடிக்கும் வழக்கமான வேலை வேண்டாம். ஒரு பியானோ, ஒரு டிரம்ஸ், இரண்டு தவில். ராகம் வேண்டாம், லயம் மட்டும் போதும். இந்த மையமோ கல்லூரியோ இப்படி ஒரு சாயங்காலத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை தவில் படிக்கிற பிள்ளைகளுக்கு யாராவது 'ஹிஸ்டாரிசிட்டி'யைப் போட்டுக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம், தாளம் போடச் சொன்னால் போதும்.