ஒலிக்காத எழுத்தும் பேசும்

ஒலிகளைக் கூட்டத் தெரிந்துவிட்டால் எவ்வளவு நீளமான ஆங்கிலச் சொல்லும் வசப்பட்டுவிடும் என்று ஃபோனிக்ஸ் வகுப்புகள் ஊருக்கு ஊர் சொல்லிவருகின்றன. முதல் வகுப்புக் குழந்தைக்கு அது சரி. ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குப் போதாது.

1783இல் வெளிவந்த நோவா வெப்ஸ்டரின் பாடநூல் சொற்களை அசை அசையாக வெட்டி அடுக்கியது. அமெரிக்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அதை ஒப்பித்தார்கள். பிறகு முழுச்சொல்லையும் பார்த்தே மனத்தில் பதிக்கும் முறை வந்தது. 1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ் அதன்மேல் ஆவேசமாகப் பாய்ந்து ஒலிமுறைக்குக் கொடி பிடித்தார். ஒலியா, முழுச்சொல்லா என்ற அந்த அலுப்பூட்டும் சண்டையில் சொல்லின் பொருளுறுப்புகளைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகள் பொருளுறுப்பு ஆய்வின் பொற்காலம். 1958இல் ஜீன் பெர்கோ பறவை போன்ற ஓர் உருவத்தைக் காட்டி, இதன் பெயர் ‘வக்’ என்றார். இரண்டு இருந்தால் என்னவென்று கேட்டதும், அதுவரை கேட்டேயிராத அந்தச் சொல்லுக்குக் குழந்தைகள் பன்மை விகுதி சேர்த்தார்கள். உருபன்களை, அதாவது சொல்லின் பொருளுறுப்புகளை, பிரித்துணரும் அறிவு பள்ளிக்கு வருமுன்பே பிள்ளையிடம் இருக்கிறது. ஆங்கில எழுத்துமுறை தாறுமாறானது என்ற பழியை 1968இல் நோம் சோம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் மறுத்தார்கள். அந்த வாதத்தை வாசிப்புக் கல்விக்குக் கொண்டுவந்தது 1970இல் கரோல் சோம்ஸ்கி எழுதிய அருமையான கட்டுரை. எழுத்து ஒலியை மட்டுமல்ல, சொற்களின் உறவையும் காட்டுகிறது என்பது அதன் சாரம். கணவரை மேற்கோள் காட்டுவோர் மனைவியை மறந்துவிடுகிறார்கள்.

ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபி, ஃபோட்டோகிராஃபிக் மூன்றையும் பாருங்கள். அழுத்தம் முதல் சொல்லில் முதல் அசையிலும், அடுத்ததில் இரண்டாம் அசையிலும், கடைசியில் மூன்றாம் அசையிலும் விழுகிறது. அதற்கேற்ப உயிரொலிகளும் நிறம் மாறுகின்றன. எழுத்து மட்டும் அசைவதில்லை. ஒளியைக் குறிக்கும் கிரேக்க உறுப்பும் எழுதுதலைக் குறிக்கும் உறுப்பும் மூன்றிலும் அப்படியே நிற்கின்றன. ஹெலிகாப்டரில் முரண் இன்னும் கூர்மை. ஹெ-லி-காப்-டர் என்பது அசைப் பிரிப்பு. பொருளின் வெட்டோ ‘காப்’ என்ற அசையின் நடுவிலேயே விழுகிறது: சுருளைக் குறிக்கும் ‘ஹெலிகோ’, சிறகைக் குறிக்கும் ‘ப்டர்’.

2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு வாசிப்புக் கல்விக்கு ஐந்து தூண்களை நிறுத்தியது. உருபனுக்கு அதில் தனித் தூண் இல்லை. 2012 முதல் இங்கிலாந்து தன் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நாற்பது சொற்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது. அவற்றில் இருபது பொருளே இல்லாத போலிச் சொற்கள். இதற்கிடையே 2010இல் பவர்ஸ், கிர்பி, டீக்கன் மூவரும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உருபன் பயிற்சி வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கே கூடுதலாகக் கைகொடுக்கிறது என்று காட்டினார்கள். திணறும் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஒலிப்பயிற்சி என்று மருந்தெழுதுவோர் இதைப் படிக்க வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. ‘அலகிட்டு வாய்பாடு தருக’ ஒரு கேள்வி, ‘பகுபத உறுப்பிலக்கணம் தருக’ வேறொரு கேள்வி. அசை வேறு, உறுப்பு வேறு என்பது தமிழ் வகுப்பில் தெரிந்த சேதி. நன்னூல் எண்ணிய ஆறு உறுப்புகளைச் சொல்லும் பிள்ளைக்கு ஆங்கில வகுப்பில் ஒலியை மட்டும் கொடுத்து அனுப்புவது அநியாயம். ஆங்கில ஆசிரியர் சைன், சிக்னல், சிக்னேச்சர் மூன்றையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதட்டும். முதல் சொல்லில் ஒலிக்காத ‘ஜி’ அங்கே எதற்கு நிற்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.