பட்டு நரம்பின் விலை

சென்ற ரபீவுல் அவ்வல் மாதத்தில் ஓர் இரவு. கீழ் கோத்தகிரியின் தேயிலைச் சரிவுகளைப் பனி மூடியிருந்தது. மவ்லூது மஜ்லிஸில் பைத்து எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த நம் குரல், உச்சத்தில் ஏற வேண்டிய இடத்தில் ஏற மறுத்து நடுவிலேயே அறுந்தது. எதிர்வரிசையில் இருந்த நம் மாணவர் ஒருவர் அவ்வடியைத் தாமே எடுத்து நிறைவு செய்தார். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நார்சா வாங்கிச் செல்லும்போது பெரியவர் ஒருவர் மட்டும், "பனி தொண்டையைப் பிடித்துவிட்டது போலும், ஹஜ்ரத்" என்றார். பனியன்று, வயது என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.

அன்றிரவு உறக்கம் வராமல் நாம் கையிலெடுத்தது மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (1207–1273) அவர்களின் மஸ்னவி. அதன் முதல் தப்தரில் வரும் யாழ்க் கிழவரின் வரலாற்றைப் பயான் மேடைகளில் கேட்டவர் நம்முள் உண்டு. வாழ்நாளெல்லாம் இசையில் கழித்த ஒருவர் முதுமையில் மனம் நொந்து யாழை உடைத்துத் தௌபாச் செய்தார் என்பதோடு கதையை முடித்துவிடுவது பேச்சாளர் பலரின் வழக்கம். மௌலானா அங்கே முடிக்கவில்லை. அவர் சொன்னதும் நாம் கேட்டதும் வேறு வேறாக இருப்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். இசை ஆகுமா, ஆகாதா என்னும் சட்டப் பிரச்சினையில் இமாம்களின் கருத்துகள் விரிவானவை. அதனை ஈண்டு நாம் எடுக்கவில்லை. நம் வினா சிறியது. பாடியும் இசைத்தும் முதிர்ந்த ஒருவர் எப்போது நிறுத்த வேண்டும்? நிறுத்தியபின் அவருக்குரிய இடம் எது?

முதலில் கதையைச் சுருங்கக் காண்போம். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். யாழிசைப்போர் ஒருவர், அவருடைய இசையில் குயிலும் தன்னை மறக்கும். ஆண்டுகள் உருண்டன. முதுகு வளைந்தது, புருவம் கண்ணின்மேல் சரிந்தது, செவிக்கு இன்பமாயிருந்த குரல் செவிக்குத் துன்பமாயிற்று. அழைப்பார் இல்லை. ஒரு ரொட்டிக்கும் கடன்படும் நிலை வந்தது. எழுபது ஆண்டுகள் பிழை செய்தும் ஒருநாளும் எனக்கு உணவை நிறுத்தாதவனே, இன்று எனக்குச் சம்பாத்தியம் இல்லை. இன்று நான் உன் விருந்தாளி. உனக்காகவே இசைப்பேன் என்று கூறி, யாழோடு மதீனாவின் மையவாடிக்குச் செல்கிறார். நெடுநேரம் இசைத்து அழுது, யாழையே தலையணையாக வைத்து உறங்கிவிடுகிறார்.

அதே வேளையில் உமர் (ரலி) அவர்களையும் வழக்கமில்லாத ஓர் உறக்கம் ஆட்கொள்கிறது. மையவாடியில் நம் அடியார் ஒருவர் இருக்கிறார். பைத்துல் மாலிலிருந்து எழுநூறு தீனார் கொண்டுபோய் அவரிடம் கொடும் என்று கனவில் ஆணை பிறக்கிறது. கலீபா மையவாடியைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறார். கிழவர் ஒருவரைத் தவிர எவரையும் காணவில்லை. இவராக இருக்காது என்று எண்ணி மீண்டும் சுற்றுகிறார். பிறகு உண்மை புரிகிறது. மரியாதையுடன் அருகில் அமர்கிறார். ஒரு தும்மல், கிழவர் விழித்துக்கொள்கிறார். எதிரில் கலீபாவைக் கண்டு, தண்டிக்க வந்துவிட்டார் என்று நடுங்குகிறார். செய்தி அறிந்ததும் அழுது, யாழைத் தரையில் மோதி உடைக்கிறார்.

இக்கதையில் பேச்சாளர்கள் கடந்துவிடும் மூன்று இடங்கள் உள.

முதலாவது, அந்த எழுநூறு தீனாரின் பெயர். மௌலானா அதனைத் தருமம் என்று சொல்லவில்லை. பட்டு விலை என்கிறார். யாழின் நரம்பு பட்டு இழையால் ஆனது. நரம்பு வாங்கும் விலை என்பது இசைவாணருக்குரிய கூலியைக் குறிக்கும் வழக்கு. இதைச் செலவிடும், தீர்ந்ததும் இங்கேயே வாரும் என்பதும் அவ்வாணையின் பகுதி. இப்பணம் வந்த நேரத்தையும் வாசகர் கவனிக்க வேண்டும். யாழ் அப்போது உடையவில்லை; தௌபாவின் சொல்லும் பிறக்கவில்லை. கிழவர் உறங்கிக்கொண்டிருந்தார். ஆகவே அது யாழை உடைத்ததற்குக் கிடைத்த பரிசன்று. கரகரத்த குரலும் நடுங்கும் விரலுமாக அன்று இசைத்த இசைக்கே கூலி வந்தது. ஊரார் தள்ளிய சரக்கை வாங்கிக்கொண்ட ஒரே வணிகன் அல்லாஹ் என்பதே இதன் குறிப்பு.

இரண்டாவது, யாழ் உடைந்தபின் நடப்பது. கிழவர் பண்களிலும் சுருதிகளிலும் செலவான தம் மூச்சை ஒவ்வொன்றாக எண்ணிப் புலம்புகிறார். கலீபா அப்புலம்பலைப் பாராட்டவில்லை. உம்முடைய இந்த அழுகையும் உம்மையே நீர் நினைத்துக்கொண்டிருப்பதன் அடையாளம். போனதையும் வரப்போவதையும் எண்ணுவது திரையாக நிற்கிறது. இந்தத் தௌபாவிலிருந்து எப்போது தௌபாச் செய்வீர் என்னும் கருத்துப்படப் பேசுகிறார். அதன் பிறகே கிழவர் அழுகையும் சிரிப்பும் கடந்த நிலையை எய்துகிறார். யாழ் உடைந்த இடத்தோடு கதையை நிறுத்துபவர், மௌலானா திருத்திய பிழையையே படிப்பினையாக வழங்குகிறார்.

மூன்றாவது, கதையின் நடுவே வைக்கப்பட்டுள்ள மற்றொரு கதை. கலீபாவின் கனவுக்கும் மையவாடித் தேடலுக்கும் இடையில், மௌலானா திடுமென அழுத ஈச்சமரத் தூணின் நிகழ்ச்சிக்குப் போகிறார். நபி (ஸல்) அவர்கள் சாய்ந்து நின்று குத்பா ஓதிய அடிமரம், புதிய மிம்பர் அமைக்கப்பட்டதும் பிரிவாற்றாமல் அழுத செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது; புகாரியிலும் காணலாம். கற்களும் மரங்களும் உணர்வுடையன என்று காட்டவே இதை இடையில் வைத்தார் என்று கூறலாம். எனினும் இடம் வேறொன்றும் பேசுகிறது. பணியிலிருந்து விலக்கப்பட்ட மனிதர் ஒருவரின் கதைக்குள், பணியிலிருந்து விலக்கப்பட்ட மரம் ஒன்றின் கதை! அழுத மரத்தை நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அருகில் சென்று தேற்றினார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள் என்றே மௌலானா பாடுகிறார். புதிய மிம்பர் வந்தது வந்ததுதான். ஆயினும் பழைய தூண் கேட்பாரற்று விடப்படவில்லை.

முதிய இசைவாணரை எவ்வாறு நினைவுகூர்வது என்பதில் வரலாற்று ஆசிரியர்களும் இரு வகையினர். மதீனாவின் பெரும் பாடகர் மஅபதைப் பற்றி அபுல் ஃபரஜ் அல்இஸ்பஹானீ (897–967) தம் கிதாபுல் அகானீயில் எழுதுவது நோக்கத்தக்கது. மஅபத் நெடுங்காலம் வாழ்ந்து, வாதநோயால் நடுங்கி, பாடினால் கேட்போர் சிரிக்கும் நிலையை அடைந்தார் என்று இப்னு குர்தாத்பிஹ் கூறியதை அபுல் ஃபரஜ் எடுத்துக்காட்டி, அவருடைய செய்திகளில் திருத்தம் குறைவு என்று மறுக்கிறார். குரல் போனது உண்மையாக இருக்கலாம்; ஆயினும் மஅபத் இறந்தது கலீபா இரண்டாம் வலீதின் அவையில் என்று நிறுவி, ஜனாஸாவுக்கு முன்னே கலீபாவும் அவர் சகோதரரும் நடந்து சென்றதைப் பதிவு செய்கிறார். ஒருவர் கடைசியாகத் தவறிய சுருதியைக் குறித்து வைத்தார். மற்றவர் அவரைச் சுமந்து சென்ற மரியாதையைக் குறித்து வைத்தார். திறனாய்வாளர் எவ்வழி செல்ல வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இனி நம் தமிழகத்து மேடைக்கு வருவோம். செம்பை வைத்தியநாத பாகவதர் 1952இல் குரலை இழந்து, மீண்டும் பெற்று, 1974 அக்டோபரில் ஒற்றப்பாலத்தில் கோயில் கச்சேரியை முடித்துக்கொண்ட அன்றே மறைந்தார். அவருக்கு நிறுத்தும் வினாவே எழவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1997 நவம்பரில் கணவர் சதாசிவம் மறைந்தபின் பொதுமேடை ஏறவில்லை; 2004 டிசம்பரில் காலமாகும்வரை அந்த மௌனத்தைக் காத்தார். கேட்போர் தள்ளியதால் அவர் நிறுத்தவில்லை. மறு ஆண்டே நாடு பாரத ரத்னா வழங்கியது. யாருடைய துணையில் பாடினாரோ அவர் இல்லை என்பதே காரணம். பின்னணிப் பாடகி எஸ். ஜானகி அம்மையார் 2016இல் ஓய்வை அறிவித்து, 2017 அக்டோபரில் மைசூர் மேடையில் விடைபெற்றார். உஸ்தாத் பிஸ்மில்லா கான் அவர்களோ, 2006 ஆகஸ்டில் 90ஆம் வயதில் மறையும்போதும், தலைநகரின் இந்தியா கேட்டில் ஷெனாய் வாசிக்க வேண்டும் என்னும் ஆசையை நெஞ்சில் வைத்திருந்தார்.

நான்கு பேர், நான்கு முடிவுகள். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த நாம் துணியோம். ஆனால் பழைய காலத்து யாழ்க் கிழவருக்கு இல்லாத துன்பம் ஒன்று இவர்கள் காலத்தில் சேர்ந்துகொண்டது. அதுவே ஒலிப்பதிவு. இசைத்தட்டில் உள்ள குரலுக்கு மூப்பு இல்லை. நாகூர் இ.எம். ஹனீபா (1925–2015) அவர்களின் இளமைக் குரல் இன்றும் நம் வீட்டுத் திருமணங்களில் முழங்குகிறது. அக்குரலைக் காதில் வைத்துக்கொண்டு மேடைக்கு முன் அமர்பவர், எதிரில் நிற்கும் முதியவரை அவருடைய முப்பதாம் வயதோடு போட்டியிடச் சொல்கிறார். அது நியாயமான போட்டியன்று.

இவ்வளவு கூறியபின், மௌலானாவின் கதையிலும் ஒரு குறை நமக்குத் தென்படுவதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கிழவருக்கு மாணவர் என்று ஒருவரும் இல்லை. எழுபது ஆண்டுகள் இசைத்தவர் எவருக்கும் கற்றுக்கொடுத்ததாகக் கதையில் இல்லை. ஆதலின் யாழ் உடைவதைத் தவிர வேறு போக்கும் அதற்கில்லை. யாழ் என்பது இங்கே நான் என்னும் அகந்தைக்கு உருவகம். அகந்தையை எவரும் மாணவரிடம் ஒப்படைப்பதில்லை என்று உரையாசிரியர் விடை கூறலாம். உருவகத்துக்கு அவ்விடை பொருந்தும். வாழ்க்கைக்கு வழிதேடி இக்கதையைத் திறப்பவருக்கு அது போதாது. நமக்குப் போதவில்லை. எஞ்சிய விடையை நாம் நூலில் காணவில்லை; அருகிலேயே கண்டோம்.

நீலகிரியில் கோத்தர் சமூகத்தாருக்கு ஏழு ஊர்கள். அவற்றுள் ஒன்று கீழ் கோத்தகிரியைச் சார்ந்தது. கொள் என்னும் ஊதுகருவி, கொம்பு, தப்பட்டை, முழவுகள் ஆகியவை அவர்களுடைய இசைக்குழு. கொள்ளை ஊதுவது எளிதன்று. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, ஒலி அறாமல் ஊத வேண்டும். தெய்வத்துக்குரிய பண் வேறு, சாவுக்குரிய பண் வேறு; ஒன்றின் இடத்தில் மற்றொன்று வராது. முற்காலத்தில் படகர் இல்லங்களின் இறுதிச் சடங்குகளிலும் இவர்களுடைய இசையே ஒலித்தது. 1930களில் அவ்வழக்கம் குன்றத் தொடங்கியது. அழைத்தவர்கள் அழைப்பதை நிறுத்தினர். ஆயினும் கோத்தர்கள் தம் தெய்வங்களுக்கும் தம்மில் இறந்தோருக்கும் இசைப்பதை விடவில்லை.

அவர்களுள் நமக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் உண்டு. கொள் வாசிப்பில் பேர்பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன் அவரைக் கண்டபோது, கொள் வேறோர் இளைஞர் கையில் இருந்தது. இவர் பக்கத்தில் தப்பட்டை பிடித்திருந்தார். பல் போயிற்று, சீவாளியை உதடு பிடிக்கவில்லை என்றார். "வருத்தமில்லையா, ஐயா?" என்று கேட்டோம். "பையன் பண்ணை மறந்தால் நான் பக்கத்தில் இருக்க வேண்டாமா, வாத்தியாரே?" என்று திருப்பிக் கேட்டார். அன்று அதனை ஒரு நல்ல பேச்சாகவே கேட்டு வந்தோம். நம் குரல் அறுந்த இரவில்தான் அதன் எடை தெரிந்தது. முன்னால் ஊதியவர் பக்கத்துக்கு வந்திருக்கிறார். குழுவை விட்டுப் போகவில்லை. கொள் உடையவில்லை, கை மாறியது.

ஆகவே எப்போது நிறுத்துவது என்னும் வினாவுக்கு நம் கருத்து இது. சிரிப்பவர்களுக்கு அஞ்சி நிறுத்த வேண்டாம். பாராட்டுபவர்களுக்காக நீட்டிக்கவும் வேண்டாம். தாம் தவறவிடும் அடியை எடுத்து முடிக்க வல்லவர் ஒருவர் எதிர்வரிசையில் உருவாகிவிட்டாரா என்று பார்க்க வேண்டும். உருவாகிவிட்டால் அதுவே நேரம். உருவாகவில்லையாயின், மேடையை விடுமுன் செய்ய வேண்டிய பணி மீதமிருக்கிறது.

மற்றொரு கடமை கேட்போரைச் சார்ந்தது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வாயிலாக நலிந்த கலைஞர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்படுகிறது, நன்று. ஆனால் நம் மஹல்லாக்களில் தலைமுறை தலைமுறையாக மவ்லூது ஓதியவர்கள், தாயிரா தட்டி வீதிதோறும் பாடிவந்த பக்கீர்மார்கள், திருமண வீடுகளில் பைத்துப் பாடிய மூதாட்டியர் ஆகியோர் முதுமையில் எங்கே இருக்கின்றனர் என்று எந்த ஜமாஅத்தாவது கணக்கெடுத்ததுண்டா? குரல் இருந்தவரை கேட்டோம். குரல் போனதும் இரக்கப்பட்டு ஸதகா கொடுக்க நினைக்கிறோம். மௌலானா காட்டிய வழி அதுவன்று. பைத்துல் மாலிலிருந்து போனது இரக்கத்தொகை அல்ல. நரம்பின் விலை, கூலி. கொண்டுபோனவரும் ஏவலாளர் அல்லர். கலீபாவே தம் கையால் சுமந்து சென்று, உறங்கும் கிழவர் விழிக்கும்வரை பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

வரும் ரபீவுல் அவ்வலில் பைத்தை எடுத்துக்கொடுக்குமாறு அந்த மாணவரிடம் சொல்லிவிட்டோம். "ஹஜ்ரத் இருக்கும்போது நான் எப்படி?" என்று தயங்கினார். நாம் மஜ்லிஸிலேதான் இருப்போம் என்றோம். எதிர்வரிசையில் அமர்ந்து, அவர் எடுத்துக்கொடுக்கும் அடியை மற்றவர்களோடு சேர்ந்து திருப்பிப் பாடுவோம். அவ்வளவுக்கு நம் குரலில் இன்னும் மூச்சு இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.