ஐந்தாம் வகுப்போடு நின்றவர்

எமது பாடசாலைகளில் நூற்றாண்டு விழா, அதிபரின் மணிவிழா, ஆசிரியரின் ஓய்வு என்று எது வந்தாலும் ஒரு மலர் வெளிவரும். கிடைக்கும் மலர்களை ஒன்றுவிடாமல் வாசிப்பவன் நான். அவற்றில் எழுதும் பழைய மாணவர்கள் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், வெளிநாட்டில் நல்ல நிலையில் இருப்பவர்கள். அவர்களுக்குக் கற்பித்தவர்கள் எல்லோரும் தெய்வங்கள். கொடிகாமத்துப் பக்கம் இருபது வருடங்களாகக் கற்பிக்கும் எனக்கு, மலரை மூடி வைக்கும்போது ஒரு கேள்வி மிஞ்சும். படிப்பின் இடையில் எழுந்து போன பிள்ளைகள் எங்கே எழுதினார்கள்?

அப்படிப் போன ஒருவர் எழுதினார். அவர் டொமினிக் ஜீவா. 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்ற அவரது தன்வரலாற்றை ஆசிரியர்கள் எல்லோரும் வாசிக்க வேண்டும். ஆசிரிய கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்துப் பரீட்சையும் எழுதினேன். ஆனால் ஆசிரியனின் நாக்கு என்ன செய்யும் என்பதை ஜீவாவின் வாழ்க்கையிலிருந்துதான் அறிந்துகொண்டேன்.

ஜீவா 1927 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்ற விதி 1930 ஐ அண்டிய ஆண்டுகளில் வந்தது. அதை எதிர்த்து யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் எரிக்கப்பட்டதும் வரலாறு. அந்த நெருப்பு அடங்கிச் சில காலத்தில் ஜீவா வகுப்பறைக்குப் போகிறார். விதியின்படி வாங்கு கிடைத்தது. ஆனால் அவரது குடும்பத்தின் தொழிலைச் சுட்டி ஓர் ஆசிரியர் வகுப்பில் அவரை இழிவுபடுத்தினார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறுவன் கையில் சவரக்கத்தி வந்தது.

பின்னர் நடந்தவை இலக்கிய வாசகர் அறிந்தவைதான். அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். சஞ்சிகையைத் தாமே சுமந்து சென்று விற்றார். தென்னிலங்கை முஸ்லிம் எழுத்தாளர்கள் பலருக்கும் அதில் இடம் கிடைத்தது. 2021 ஜனவரியில் காலமானார்.

ஜீவாவைப் பற்றி எழுதுவோர் பலர், "அந்த அவமானமே அவரை எழுத்தாளராக்கியது" என்று முடித்துவிடுகிறார்கள். இந்த வாசிப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. அவமானம் அவரிடமிருந்து பள்ளிக்கூடத்தைப் பறித்தது. அவ்வளவுதான் அது செய்தது. அவரை ஆக்கியவை கஸ்தூரியார் வீதிச் சலூனில் கூடிய வாசகர்கள், முற்போக்கு எழுத்தாளர்களின் தோழமை, ஜீவா என்ற பெயரையே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவரை ஈர்த்த ப. ஜீவானந்தத்தின் தொடர்பு ஆகியவை. பாடசாலை கொடுத்திருக்க வேண்டியதை ஒரு சலூன் கொடுத்தது.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அவமானம்தான் ஆளாக்கியது என்று சொன்னால், அந்த ஆசிரியருக்கும் புகழில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதே காலத்தில் அதேபோல வெளியேறி, எந்தச் சஞ்சிகையும் தொடங்காமல், பெயரும் இல்லாமல் போன பிள்ளைகளின் கணக்கை யார் எழுதுவது? ஜீவா ஜீவாவானதால் அந்த ஆசிரியரின் குற்றம் குறைந்துவிடாது.

இதற்கு நேர்மாறான வாழ்வுகளும் நம்மிடையே உண்டு. 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர். அந்தப் பதவியை விட்டு 1948 இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை இருந்தார். கரவெட்டியில் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பி அந்த ஸாஹிராவிலேதான் படித்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். முஸ்லிம் பிள்ளை இந்துக் கல்லூரியில் வளர்ந்தது. வடமராட்சிப் பிள்ளை ஸாஹிராவில் வளர்ந்தது. "இவன் எங்கள் பிள்ளை அல்ல" என்று எந்த வாசலிலும் யாரும் மறிக்கவில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின், அஸீஸ் நடந்த அந்தப் பாதை நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது என்பதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது.

மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நான் தப்பிக்க முடியாது. ஒரு வருடம் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் எடுத்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பொடியன் கையை உயர்த்தினான். விடியற்காலையில் சந்தையில் தேங்காய் இறக்கிவிட்டுப் பிந்தி வருபவன். "முதலிலை நேரத்துக்கு வாற வழியைப் பார்" என்றேன். வகுப்பு சிரித்தது. வழமைபோலப் போன வருடம் பரிசு எடுத்த பிள்ளையின் பெயரையே எழுதினேன்.

பல வருடங்களின் பின் கொடிகாமம் சந்தையில் அவனைக் கண்டேன். சொந்தமாகத் தேங்காய் வியாபாரம் செய்கிறான். பையை வாங்கி என் சைக்கிளில் கட்டிவிட்டான்.

"உனக்கு அந்தப் பேச்சுப் போட்டி ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இருக்குது சேர். பேச்சை முழுக்கப் பாடமாக்கி வைச்சிருந்தனான்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை. அவன் இன்று நன்றாக இருக்கிறான் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஜீவாவைப் பற்றி மற்றவர்கள் சொல்வதும் இதுதானே என்று உடனே உறைத்தது.

பேச்சுப் போட்டி, நாடகம், கையெழுத்துச் சஞ்சிகை, விளையாட்டு ஆகியவற்றைப் 'புறக்கிருத்தியம்' என்கிறோம். பாடத்தில் தோற்கும் பிள்ளை தன்னைக் கண்டுகொள்ளக்கூடிய இடம் பல வேளைகளில் அதுவே. அந்த இடத்தையும் பாடத்தில் வென்ற பிள்ளைக்கே திரும்பத் திரும்பக் கொடுத்துவிடுகிறோம்.

மலர்க்குழுக்களில் இருக்கும் சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மலரில் இரண்டு பக்கங்களை ஒதுக்குங்கள். இடையில் போன ஒருவரைத் தேடிப் போய், ஏன் போனார் என்று கேட்டு, சொல்வதை அப்படியே அச்சிடுங்கள். எமது பெயர் அதில் வந்தாலும் வரட்டும்.