கருநாடக இசையும் ஒலிப்பதிவு வடிவங்களும்: ஒரு மதிப்பீடு

பாடுவோன் வாய்திறந்த கணத்திலே பிறந்து அக்கணத்திலேயே மறைவது இசை. அதனைப் பிடித்துவைத்து மீட்டுந் தரும் வித்தையை 1877இல் தோமஸ் எடிசன் கண்டார். 1887இல் எமில் பேர்லினர் சுழலுந் தட்டிலே ஒலியைப் பொறிக்கும் முறையை அமைத்தார். அன்றுதொட்டு அரக்குத் தட்டு, நெடுநேர இசைத்தட்டு, ஒலிநாடா, இறுவட்டு, எண்மக் கோப்பு என்பன ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இவற்றுள் எது இசையை உள்ளவாறு தருவது என்னும் வினா இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2022இல் ஐக்கிய அமெரிக்காவில் 4 கோடியே 10 இலட்சம் இசைத்தட்டுகள் விற்பனையாக, இறுவட்டுகள் 3 கோடியே 30 இலட்சமே விலைப்பட்டன. 1987க்குப் பின் எண்ணிக்கையில் தட்டு முந்தியது அதுவே முதன்முறை. தட்டின் ஒலியே உயிருள்ள ஒலி என்னும் நம்பிக்கை அவ்விற்பனைக்கு ஒரு காரணமாகும். அந்நம்பிக்கை கருநாடக இசைக்கு எத்துணை பொருந்தும் என்பது ஆராயற்பாலது.

ஒப்பீட்டிற்கு அளவுகோல் முதலில் வேண்டும். மனிதச் செவி ஏறத்தாழ 20 தொடக்கம் 20,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கவல்லது. இவ்வீச்சில் எவ்வளவைப் பதிவு தருகின்றது என்பதைக் கொண்டே பலரும் தரத்தை அளப்பர். அவ்வளவை வேண்டத்தக்கதே, ஆயின் கருநாடக இசைக்கு அதுவே தலையாய அளவையன்று. இவ்விசையிற் சுரம் ஒரு புள்ளியாய் நிற்பதில்லை. கமகத்தால் அசைந்தே பொருள் தருகின்றது. தோடியின் காந்தாரத்தை அசைவின்றிப் பாடினால் தோடியின் முகமே மாறிவிடும். அசையுஞ் சுரத்தை அசையாத தம்புராச் சுருதி தாங்கி நிற்கின்றது. ஆகவே பதிவுக்கருவி தானே ஆடுமாயின் பாடகரின் அசைவோடு பொறியின் அசைவுங் கலந்துவிடும். இதனால் சுருதி நிலைபேறு முதலாவதாகவும், இராகம் விரிதற்கேற்ற கால அளவு இரண்டாவதாகவும், மெல்லொலியை மறைக்காத நிசப்தம் மூன்றாவதாகவும் கொள்ளத்தக்கன. அதிர்வெண் வீச்சு இவற்றின் பின்னரே வைத்து எண்ணப்படும்.

இவ்வளவைகளால் நோக்கின், அரக்குத் தட்டு மிகப் பின்தங்கியதே. 1925இல் மின்முறைப் பதிவு வருமட்டும், பாடுவோர் ஒரு கூம்பின் வாயை நோக்கி உரத்துப் பாடவேண்டியிருந்தது. கூம்பு பற்றியது ஏறத்தாழ 250 தொடக்கம் 2,500 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலியே. மின்முறை அதனை முதலில் 5,000 ஹேர்ட்ஸ் அளவிற்கு உயர்த்தியது. எனினும் ஊசியின் இரைச்சல் தம்புராவின் நுண்ணொலியை மூடியே நின்றது. சுழற்சி வேகமும் தொடக்கத்தில் எங்கும் ஒன்றாயிருக்கவில்லை. நிமிடத்திற்கு 80 சுற்றிற் பதிந்த தட்டை 78 சுற்றில் ஓட்டினால், சுருதி ஏறத்தாழ அரைச்சுரத்திற் பாதியளவு தாழும். பழைய வித்துவான் ஒருவர் எந்தக் கட்டையிற் பாடினார் என்பதைத் தட்டைமட்டும் நம்பிக் கூறுவோர் இதனை மறத்தலாகாது.

கால அளவு இன்னும் குறுகியது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே அடங்கின. ஓரிரவின் பெரும்பகுதியைத் தோடிக்கே ஈந்த திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தட்டின் பொருட்டுச் சில நிமிடங்களுக்குள் அடங்கவேண்டியவரானார். ஆயினும் இவ்விடுக்கணே ஒரு கலையையும் வளர்த்தது. இராகத்தின் உயிர்நிலையை முதற்பிடியிலேயே காட்டி, கூறியது கூறாது, உச்சத்தைத் தொட்டு மீளும் சுருக்கக்கலை அத்தட்டுகளில் விளங்குகின்றது. ஒலியாற் குறைந்த அவை கலையாற் குறைந்தனவல்ல. இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதல் திறனாய்வாளனின் முதற்கடன்.

1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. நிமிடத்திற்கு 33⅓ சுற்று, நுண்ணிய பள்ளம், வைனல் என்னும் புதுப்பொருள் ஆகியவற்றால் ஒரு பக்கம் இருபது நிமிடத்திற்கு மேல் ஒலித்தது. இரைச்சலும் பெரிதும் தணிந்தது. 1963இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்பிரபாதம் போன்ற நீண்ட பாராயணம் இடையறாது இல்லந்தோறும் ஒலித்தது இந்நீட்சியின் பயனே. ஆயினும் தட்டிற்கு இயல்பான குறைகள் இரண்டு உள. நடுத்துளை சிறிது விலகியிருப்பின், 1.8 விநாடிக்கு ஒருமுறை சுருதி ஏறியிறங்கும். தம்புரா அதனை உடனே காட்டிக்கொடுக்கும். அன்றியும், ஊசி உட்செல்லச் செல்ல அதன் கீழ் ஓடும் பள்ளத்தின் வேகம் குன்றுகின்றது. வெளிவிளிம்பில் விநாடிக்கு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றராக உள்ள வேகம், முடிவில் அதன் பாதிக்கும் குறைந்துவிடும். உயரொலிகள் அங்கே சிதையும். கல்பனைசுரமோ கோர்வையோ உச்சம் எய்துவது இறுதியில். தட்டு வலுவிழப்பதும் இறுதியிலேயே.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகஞ் செய்த ஒலிநாடாப் பேழை ஒலித்தரத்தில் ஒரு படி இறங்கியதே. விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஊரும் மெல்லிய நாடா, இரைச்சலும் சுருதி நடுக்கமும் உடையது. எனினும் பக்கமொன்றிற்கு 45 நிமிடம் வரை ஓடியமையாலும், எவரும் தாமே பதிய இயன்றமையாலும், கச்சேரிகளைத் தட்டுத் தொழிலின் பிடியினின்று விடுவித்தது அதுவே. தரத்தால் எளிய வடிவம் தொண்டால் உயர்ந்ததற்கு அது சான்று.

1982இல் வந்த இறுவட்டு மேற்கூறிய மூன்று அளவைகளையும் ஒருங்கே நிறைவு செய்தது. ஒலியலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்கி வைக்கும் முறை அதனுடையது. அவ்வெண்கள் குவாட்சுப் பளிங்கின் துடிப்பிற்கேற்ப வாசிக்கப்படுகின்றமையால், வட்டின் சுழற்சி சிறிது ஆடினும் சுருதி ஆடுவதில்லை. ஏறத்தாழ 74 நிமிடம் இடையறாது ஒலிக்கும். ஓர் இராகம் தானம் பல்லவி பக்கந் திருப்பாமலே முழுமையாக அடங்கும். மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள தொலைவு இசைத்தட்டில் 60 தொடக்கம் 70 தெசிபெல் அளவினதாக, இறுவட்டில் அது 96 வரை விரிந்தது. பாட்டின் இடைவெளியில் தம்புரா தனித்தொலிப்பதைக் கேட்க இஃது இடமளித்தது.

இதனை மறுப்போர், எண்முறை ஒலி உயிரற்றது, தட்டின் ஒலியே இதமானது என்பர். இக்கூற்று சோதனையின் முன் நிலைபெறவில்லை. 2007இல் ஈ. பிராட் மேயர், டேவிட் மொறன் என்போர் வெளியிட்ட ஆய்வில், உயர்நுண்மைப் பதிவு ஒன்றையும், அதனையே இறுவட்டின் அளவிற்கு ஒடுக்கிய ஒலியையும் கேட்போர் பிரித்தறிய முயன்றனர். 554 முறை நிகழ்ந்த சோதனையிற் சரியான விடை நூற்றுக்கு ஐம்பதளவே. நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவே கிடைக்கும். 2022இல் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. தூய தொடர்முறைத் தட்டுகளுக்குப் பெயர்பெற்ற மொபைல் பிடெலிற்றி நிறுவனம், பல தட்டுகளைப் பல்லாண்டாக எண்முறைப் பதிவின் வழியே ஆக்கிவந்தமை தெரியவந்தது. எண்முறையை வெறுத்த செவிகளே அத்தட்டுகளைப் போற்றியிருந்தன. தட்டின் இதம் ஒருசிலருக்கு இன்பந் தருதல் மெய். அஃது உண்மையொலி என்பதற்கு அவ்வின்பம் சான்றாகாது.

அங்ஙனமாயின் இறுவட்டின் மீதெழுந்த குறைகூறல் முற்றும் வீணோ எனின், அன்று. 1990களில் பதிவாளர் பலர் மெல்லொலியை உயர்த்தியும் வல்லொலியை அமுக்கியும் பாட்டு முழுவதையும் ஒரே உரப்பிற் கொட்டினர். 96 தெசிபெல் இடம் அளித்த வடிவத்தில் அதன் சிறுபகுதியையே பயன்படுத்தினர். பழி வடிவத்தினதன்று, அதனைக் கையாண்டோரது.

எம்.பி.3 முறை, செவி கவனியாதென்று கணித்த ஒலிகளைக் கழித்துக் கோப்பைச் சுருக்குவது. விநாடிக்கு 128 கிலோபிற்று வீதத்தில் அஃது இறுவட்டுத் தரவின் பதினொன்றில் ஒரு பங்கே. மிருதங்கத்தின் கூரிய சொல்லுக்கு முன்னரே ஒரு மங்கலான நிழலொலி எழுதல் இம்முறையின் அறியப்பட்ட குறை. வீதம் உயர உயர அக்குறை மறைகின்றது. 2021 முதல் இழப்பற்ற கோப்புகளை இணையவழியே பெறும் வசதியும் பெருகியுள்ளது. இன்று பெருங்குறை கோப்பிலன்று. அதனை ஒலிக்கச்செய்யும் கருவியிலேயே. கைத்தொலைபேசியின் சிற்றொலிபெருக்கி சில நூறு ஹேர்ட்ஸிற்குக் கீழ்ப்பட்ட ஒலியைப் பெரிதும் இழக்கின்றது. மிருதங்கத்தின் தொப்பியொலி அங்கே கேளாது. நூறாண்டுக்கு முற்பட்ட கூம்பு விட்ட அதே கீழ்த்தாயியை இன்றைய கருவியும் விடுகின்றது என்பது வியப்பிற்குரியது.

ஆதலின் முடிபு இதுவாகும். சுருதி நிலைபேறு, கால அளவு, நிசப்தம் மூன்றினாலும் இறுவட்டும் இழப்பற்ற எண்மக் கோப்புமே கருநாடக இசைக்குத் தக்க வடிவங்கள். பழைய தட்டுகளின் பெருமை அவற்றின் ஒலியிலன்று, வேறெங்கும் இல்லாத பாட்டை அவை தாங்கிநிற்றலிலேயே உளது. ஊசி படுந்தோறும் தேய்பவை அவை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இசைத்தட்டு நூலகம் போன்ற இடங்களிலும் இல்லங்களிலும் எஞ்சியிருப்பவற்றை, உரிய ஊசியும் உரிய வேகமும் தேர்ந்து எண்முறைக்கு மாற்றுதல் காலத்தாற் செய்யவேண்டிய பணி. அப்பணியில் சுழற்சி வேகம் பிழைப்பின், பிற்காலத்தார் பெறுவது வித்துவானின் சுருதியன்று, பொறியின் சுருதியே.