அசுமரில் நிற்கும் அணி

மாஸ்டர் லீக்கை மெச்சுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மியூடூவும் டயல்காவும் மோதுவதில் ஒரு கம்பீரம் உண்டுதான். ஆனால் போக்கிமான் கோ விளையாட்டில் அணி கட்டும் கலை வாழ்வது 1500 சிபி என்ற பல வரம்புக்குக் கீழே, கிரேட் லீக்கில். அங்கே பலம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். யாருக்கு எதிரே யாரை நிறுத்துகிறோம் என்பதே ஆட்டம். அந்த லீக்கில் அசுமரிலுக்கு நிகராக நான் எதையும் வைக்க மாட்டேன்.

1999-ல் கோல்டு, சில்வர் ஆட்டங்களில் வந்தபோது அது வெறும் வாட்டர் டைப். 2013-ல் எக்ஸ், ஒய் வந்தன. டிராகன்களின் கொட்டத்தை அடக்க ஃபேரி பிறந்தது. அந்த டைப் சேர்ந்ததும் இந்த நீல முயலின் ஜாதகமே மாறிப்போனது. ஃபயர், வாட்டர், ஐஸ், ஃபைட்டிங், பக், டார்க் ஆறையும் தாங்கும். டிராகன் அடி 0.39 பங்காகச் சுருங்கிவிடும். கன்சோலில் அது சுத்தமான பூஜ்யம், அதுதான் சரி என்பார்கள் சில நண்பர்கள். எனக்கு 0.39 தான் பிடிக்கும். அடி விழும், உயிர் கரையும், ஷீல்டு போடலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அதன் உண்மையான அழகு பக்கத்தில் நிற்பவர்களிடம்தான் தெரியும். அசுமரிலுக்கு ஆகாதவை கிராஸ், எலக்ட்ரிக், பாய்சன். கிராஸும் பாய்சனும் வந்தால் ஸ்கார்மோரி. ஸ்கார்மோரிக்கு ஆகாத எலக்ட்ரிக்குக் கலார் ஸ்டன்ஃபிஸ்க். ஃபயருக்கு மறுபடி அசுமரில். ஸ்டன்ஃபிஸ்க்குக்கு ஆகாத நாலில் ஃபயர், வாட்டர், ஃபைட்டிங் மூன்றையும் அசுமரில் வாங்கிக்கொள்ளும். மிச்சமுள்ள கிரவுண்டின் அடியை ஸ்கார்மோரி தாங்கும். மூன்று பேருடைய ஓட்டைகளும் மூன்று பேராலேயே அடைபடுகின்றன. அசுமரிலை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொரு வாட்டரை வைத்துப் பாருங்கள், ஃபைட்டிங் வந்தவுடன் ஸ்டன்ஃபிஸ்க் தனியாக மாட்டிக்கொள்ளும்.

மதுரைப் பக்கத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று பஞ்சபட்சி பிரித்து, வளர்பிறையா தேய்பிறையா, எது அரசில் இருக்கிறது, எது துயிலில் இருக்கிறது என்று பார்த்துச் சேவல் சண்டையில் சேவலை இறக்கிய பெரியவர்கள் இருந்த சீமை இது.

அசுமரிலை வளர்ப்பதில் நம் ஊர் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. கிரேட் லீக் அசுமரிலுக்கு ஐவி என்ற பிறவிப் புள்ளிகளில் அட்டாக் குறைவாக, டிஃபென்ஸும் ஹெச்பியும் நிறைவாக வேண்டும். மழையிலும் மேகமூட்டத்திலும் பிடிக்கும், அசுமரிலாக வளரும் மரிலுக்கு வானிலை ஊட்டம் ஏறி, எந்த ஐவியும் 4-க்குக் கீழே இறங்காது. பளீரென்று வெயில் அடிக்கும் நாளில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது சிக்குகிற மரிலில்தான் அட்டாக் பூஜ்யம் வர வாய்ப்பு உண்டு. கிடைத்தாலும் போதாது. 1500-ஐ எட்ட 40-வது லெவலையும் தாண்டி ஏற்ற வேண்டும். ஸ்டார்டஸ்ட் 2 லட்சத்துக்கு மேல் கரையும். அவ்வளவு செலவழித்து ஒருவர் வளர்த்த அசுமரிலைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும்.

இன்று அந்த மரியாதைக்கு இடம் குறைந்துவிட்டது. பயிற்சியாளர் மோதல் 2018 டிசம்பரில் வந்தது. அந்தப் புதிதில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து நேருக்கு நேர் ஆடினோம். எதிராளி உதட்டைக் கடிப்பதைப் பார்த்தே அவரிடம் கிராஸ் இருக்கிறதா என்று ஊகிக்கலாம். 2020-ல் இணையவழி பேட்டில் லீக் வந்ததும் எதிராளி வெறும் பெயராகிப்போனார். அந்த மார்ச்சில் நோய்த்தொற்று காரணமாக, நடந்தால்தான் ஆடலாம் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்களில் பலர் பிவிபோக் தளத்தின் தரவரிசையைத் திறந்து, மேலே இருக்கும் மூன்றை அப்படியே இறக்குகிறார்கள். அந்தப் பட்டியலைப் பழிக்கவில்லை, நானும் பார்ப்பவன்தான். எதற்கு எது துணை என்று சொந்தமாக யோசிக்காமல் ஆடுவதுதான் பொறுக்கவில்லை.

அவர்களில் பலர் அசுமரிலின் ஐஸ் பீமுக்குத் துணையாக ஹைட்ரோ பம்ப் வைக்கிறார்கள், ஸ்டன்ஃபிஸ்க்கை அடிக்க. எதிரே வரும் ஸ்டன்ஃபிஸ்க்கை என் ஸ்டன்ஃபிஸ்க் பார்த்துக்கொள்ளும். சக்தி சேர ஐஸ் பீமுக்கு ஐந்து பபிள் அடி வேண்டும், ப்ளே ரஃபுக்கு ஆறு, ஹைட்ரோ பம்ப்புக்கு ஏழு. ஆறாவது பபிளில் ஃபைட்டிங் டைப்பான மெடிசாமை ப்ளே ரஃபால் சாய்க்க முடியும்போது, ஏழாவதுக்காக நான் ஏன் காத்திருக்க வேண்டும்?